பொம்மைக்கு முகம் எழுதக் கொடுக்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்கள் செங்கோட்டையே குளிர்ந்து போகும், எனக்கும் அந்தக் காற்று பிடிக்கும். ஆனால் அந்தக் காற்றில்தான், ஒரு ஆடி மாதத்து மாலையில், மொட்டை மாடியில் நின்றுகொண்டு, மூன்று நாள் உட்கார்ந்து முகம் எழுதிய ஒரு ரெசின் (வார்த்த கெட்டிப் பிளாஸ்டிக்) பொம்மைத் தலைக்கு, பெயின்ட் நிற்க அடிக்கிற சீலன்ட் ஸ்பிரேயை அடித்தேன். ஐந்து நிமிடத்தில் புருவம், உதடு, கன்னம் எல்லாம் திருநீறு பூசியதுபோல் வெளுத்துவிட்டன. மாவு டப்பாவுக்குள் விழுந்த பிள்ளை மாதிரி அது என்னைப் பார்த்தது.

"கம்பெனியே பெயின்ட் பண்ணின முகத்தோடு வாங்கலாமா, வெறும் தலையாக வாங்கி யாரிடமாவது கொடுத்து எழுதச் சொல்லலாமா?" என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் அந்த வெளுத்த முகம்தான் ஞாபகம் வரும். எது அழகு என்று நான் பதில் சொல்வதில்லை. பிடிக்காமல் போனால் அழித்துவிட்டு மறுபடி தொடங்க முடியுமா என்று பதிலுக்குக் கேட்பேன். பாதிப் பேர் அதை யோசித்தே இருக்க மாட்டார்கள். நானும் யோசிக்கவில்லை.

பலரும் இடறுவது "கம்பெனி பெயின்ட்" என்ற சொல்லிலேயே. கம்பெனி என்றால் மெஷின், கஸ்டம் (ஓவியரிடம் கொடுத்து நம் விருப்பப்படி எழுதி வாங்குவது) என்றால் கை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பார்பி மாதிரி வினைல் பொம்மைகளுக்கு அது பெரும்பாலும் சரி. செதுக்கிய தகட்டில் மையை நிரப்பி, மெத்தென்ற சிலிக்கான் அச்சால் ஒற்றி எடுத்து, முகத்தில் பதிப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஒரு பதிப்பு. அதில் ஒன்று அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் பொம்மைக்கு மாறுகண் வந்துவிடும். கடையில் வாங்கினால் ஒரே மாடலில் நாலு பெட்டியை வரிசையாக வைத்து, கண் நேராக இருப்பதைப் பொறுக்கிக்கொள்ளலாம். வெட்கப்பட வேண்டாம், கத்தரிக்காயைக்கூட நாம் பொறுக்கித்தானே வாங்குகிறோம். ஆனால் ரெசினில் வார்த்த, மூட்டுகளில் பந்து வைத்த பொம்மைகள், அதாவது 1999-ல் ஜப்பானின் வோல்க்ஸ் கம்பெனி சூப்பர் டால்ஃபி என்று கொண்டுவந்தார்களே, அந்த வகைக்குக் கதை வேறு. அங்கே கம்பெனியின் ஃபேஸ்அப்பும், அதாவது முகத்தில் எழுதும் பெயின்ட் வேலையும், ஒரு மனிதர் தூரிகை, ஏர்பிரஷ், பேஸ்டல் பொடி எல்லாம் வைத்துக் கையால் எழுதுவதுதான். அதுவும் கைவேலை என்பதால் விளம்பரப் படத்தில் இருக்கிற முகமே நம் வீட்டுக்கு அச்சாக வந்து சேராது. புருவம் ஒரு இழை தடித்திருக்கும், கன்னச் சிவப்பு கொஞ்சம் கூடியிருக்கும். அதைக் குறை என்று நினைத்துக் கம்பெனிக்குச் சண்டைக் கடிதம் எழுதுகிறவர்களும் உண்டு.

பிளைத் வாங்குகிறவர்களுக்கு இந்தச் சொல்லில் இன்னொரு குழி இருக்கிறது. பிளைத் 1972-ல் அமெரிக்காவின் கென்னர் கம்பெனி ஒரே வருடம் விற்று நிறுத்திய பொம்மை. பின்புறம் கயிற்றை இழுத்தால் கண் நிறம் மாறும், நாலு நிறம். 2001-ல் ஜப்பானில் டகாரா அதை மறுபடி கொண்டுவந்தது. பிளைத் சேர்க்கிறவர்களிடையே "ஃபேக்டரி பிளைத்" என்றால் டகாராவின் ஒரிஜினல் முகம் என்று அர்த்தம் இல்லை. பெட்டியும் பேரும் இல்லாமல் வேறு ஆலைகளில் இருந்து வருகிற பொம்மைக்குத்தான் அந்தப் பேர். கஸ்டம் செய்து பழக அது நல்ல பொருள்தான், விலையும் குறைவு. ஆனால் ஒரிஜினல் என்று நம்பி ஒரிஜினல் விலை கொடுத்துவிட்டால் வயிறு எரியும். விற்கிறவரிடம் "ஃபேக்டரியா?" என்று கேட்காதீர்கள், "டகாராவா?" என்று கேளுங்கள். கஸ்டம் பிளைத் வாங்கும்போதும், அடியில் இருப்பது எந்த பொம்மை என்று கேட்டுவிட வேண்டும்.

அடுத்து படத்தைப் பார்த்து மயங்குவது. கம்பெனி படமோ ஓவியரின் படமோ, வெளிச்சம் பார்த்து, விலை உயர்ந்த கண்ணாடிக் கண் போட்டு, விக் வைத்து எடுத்தது. அதே முகத்தில் நீங்கள் வேறு அளவுக் கண்ணை வைத்தால் ஆளே மாறிப்போவாள். கண்மை எழுதுவதும் இமைக்கோடு வளைப்பதும் உள்ளே வரப்போகிற கண்ணைப் பொறுத்தது. சாமி சிலைக்குக் கண் திறப்பது கடைசியில். இங்கே தலைகீழ், கண்ணைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். வெறும் தலையை எழுதக் கொடுப்பதானால் போடப்போகிற கண்ணையும் சேர்த்து அனுப்புங்கள், முடியாவிட்டால் அதன் அளவும் நிறமுமாவது சொல்லுங்கள். ஓவியரிடம் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், நேராகவும் இரண்டு பக்கவாட்டிலும் எடுத்த படம் கேட்கலாம். முகம் எழுதுவதில் இரண்டு புருவமும் ஒத்துப்போவதுதான் பெரிய பாடு. முக்கால் முகமாகத் திருப்பி எடுத்த படங்களாகவே ஒருவர் போட்டுக்கொண்டிருந்தால் நான் கொஞ்சம் தயங்குவேன்.

நிறத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஆட்களில் பலர் இப்போது மாநிறத்தில், கறுப்பில் பொம்மை வாங்குகிறோம், நல்ல விஷயம். ஆனால் வெள்ளை ரெசினில் எழுதிப் பழகிய கை கறுத்த ரெசினில் அப்படியே வேலை செய்யாது. வெள்ளைத் தலையில் பூப்போல் நிற்கிற இளஞ்சிவப்புப் பொடி மாநிறத் தலையில் ஒன்று காணாமல் போகும், இல்லையென்றால் சாம்பல் பூத்து, காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் மாதிரி காட்டும். செங்கல் நிறம், அரக்கு, கருஞ்சிவப்பு என்று அடர்த்தியான நிறங்களை மெல்லிய படலங்களாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் சீலன்ட் அடித்து ஏற்ற வேண்டும். ஆகவே கஸ்டம் கொடுப்பதானால் அந்த ஓவியர் கறுத்த தலையில் ஏற்கெனவே செய்த வேலையைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். வெள்ளைப் பொம்மைகளில் அவர் எவ்வளவு பெரிய சூரராக இருந்தாலும் சரி. கம்பெனி முகத்துக்கும் இதுவே. கம்பெனிகள் பல மாடலுக்கு வெள்ளை ரெசினில் எழுதிய மாதிரியைத்தான் படமாகப் போடுவார்கள், நீங்கள் தேர்ந்தெடுத்த நிறத்தில் அது எப்படி வரும் என்று கேட்டு எழுதுங்கள், பதில் வரும்.

பொட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் முதல் பொம்மைக்கு ஆசையாக ஒட்டுப்பொட்டு வைத்தேன். ஒரு வாரம் கழித்து எடுத்தபோது நெற்றிப் பெயின்டும் வட்டமாக அதனோடு கூடவே வந்துவிட்டது. பொட்டு வேண்டும் என்றால் ஓவியரிடம் சொல்லி எழுதியே வாங்குங்கள். மூக்குத்திக்கு ஓட்டை போடச் சொல்லுமுன் இரண்டு நாள் தூங்கி எழுந்து யோசியுங்கள், அது அழியாது.

பெயின்ட் அழியும், செதுக்கியது அழியாது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காததால்தான் பெரும்பணம் போகிறது. ரெசின் தலையில் பெயின்டும் பொடியும் சீலன்டின் மேல்தான் நிற்கின்றன, ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டுப் பொறுமையாகத் துடைத்தால் பழைய வெறும் தலை கிடைத்துவிடும். பிளைத் கஸ்டமில் அப்படி இல்லை. பளபளப்பு போக உப்புத்தாள் தேய்ப்பார்கள், மூக்கைக் கூராக்குவார்கள், உதட்டைக் கத்தியால் பிரித்துச் சிரிப்பு வைப்பார்கள். கை தேர்ந்தவர் செய்தால் உயிரே வந்துவிடும், நான் மறுக்கவில்லை. ஆனால் குறைந்த எண்ணிக்கையில் வந்த ஒரு பதிப்பை எடுத்து இப்படிச் செய்துவிட்டால், ஒரிஜினல் முகத்தைத் தேடி வாங்குகிற சேகரிப்பாளர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ரெசினிலும் லிமிடெட் மாடலுக்குக் கம்பெனி எழுதிய ஃபேஸ்அப்பைத் துடைத்தால் மறுவிற்பனை விலை இறங்கும். அழித்த கம்பெனி முகத்தை வேறு யாரும் எழுதித் தர முடியாது அல்லவா. அப்படிப்பட்ட பொம்மையில் முகம் பிடிக்கவில்லையா, சாதாரண மாடலில் ஒரு வெறும் தலை வாங்கி அதில் ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். அந்தக் கம்பெனி முகம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

துடைக்கும்போது நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் அசிட்டோன் இருந்தால் பிளைத் முகம் கரையும், ஏனென்றால் அது ஏபிஎஸ் பிளாஸ்டிக். ரெசினின் மேற்பரப்பையும் அது கெடுக்கும். எந்தத் திரவமானாலும் முதலில் தலைக்குள் அல்லது கழுத்தடியில், வெளியே தெரியாத இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

சரி, என் பொம்மை முகம் வெளுத்ததற்குக் காரணமான ஈரத்துக்கு வருகிறேன். சீலன்ட் ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகிறது. அப்போது பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகம் என்றால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. முகத்தில் படிகிற அந்த வெள்ளை அதுதான். பொம்மைக்காரர்கள் பெரும்பாலும் வாங்குகிற மிஸ்டர் சூப்பர் கிளியருக்கும் இது பொருந்தும், எதற்கும் பொருந்தும். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்போதுதான் அடிப்பது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், சில நூறு ரூபாயில் ஈரமானி கிடைக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று நுழைகிற எங்கள் ஊரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்த முள் கீழே இறங்குவதே அபூர்வம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. ஆக மாசியும் பங்குனியும்தான் முகம் எழுதுகிற மாதங்கள். என் சித்தி இருக்கும் புனலூர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், அங்கே இன்னும் மோசம். ஆகவே கேரளத்திலோ இங்கோ ஒருவரிடம் கொடுக்குமுன் "எந்த மாதம் செய்வீர்கள், ஏசி அறை உண்டா?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. "பத்து நாளில் தருகிறேன்" என்று ஆடியில் ஒருவர் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கும். நீங்களே அடிப்பதானால் சாதாரணத் துணி முகக்கவசம் போதாது, கரைப்பான் ஆவியைத் தடுக்கிற கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். ஹார்டுவேர் கடை வார்னிஷ் ஸ்பிரே வேண்டவே வேண்டாம், மஞ்சளாகும், வினைலில் பிசுபிசுத்துப்போகும்.

எடுத்து வைப்பதிலும் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று இடிக்கிறது. கொலு பொம்மையைத் துணியில் சுற்றிப் பாச்சை உருண்டை போட்டுப் பரணில் ஏற்றுவோம் அல்லவா, அந்த உருண்டையின் ஆவி பிளாஸ்டிக்குக்கும் பெயின்டுக்கும் ஒத்துவராது. கம்பெனி முகமோ கஸ்டமோ, கையெண்ணெயும் ஈரத்துணியும் இரண்டுக்கும் ஒரே எதிரி. தூசிக்கு மெல்லிய காய்ந்த தூரிகை போதும்.

பணக் கணக்கில் ஒன்று. பொம்மை விலை, ஃபேஸ்அப் விலை இரண்டை மட்டும் கூட்டிப் பார்க்கிறோம், சுங்கத்தை மறந்துவிடுகிறோம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 2020-ல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70 ஆக்கினார்கள். வாங்குகிற அன்று எவ்வளவு என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். கம்பெனியிலேயே முகம் எழுதி வாங்கினால் அந்தக் கூலியும் சரக்கின் மதிப்பில் சேர்ந்து அதற்கும் வரி விழும். வெறும் தலையை இறக்கி இங்கே எழுதக் கொடுத்தால் அந்தப் பகுதி மிச்சம். வெளிநாட்டு ஓவியரிடம் தலையை அனுப்பித் திரும்ப வாங்கும்போதும் சுங்கத்தில் நிற்க நேரலாம், அனுப்பியதற்கான காகிதங்களை எறிந்துவிடாதீர்கள்.

அப்புறம், எழுதக் கொடுக்கும்போது "உங்க இஷ்டப்படி செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வந்த பிறகு முகம் சுளிக்கிறவர்களும், நாற்பது படம் அனுப்பி எல்லாவற்றையும் ஒரே தலையில் கேட்கிறவர்களும் ஓவியருக்கு ஒன்றுதான். மூன்று படம் போதும்: புருவத்துக்கு ஒன்று, உதட்டுக்கு ஒன்று, மொத்த மனநிலைக்கு ஒன்று. வேறொரு ஓவியரின் முகத்தைக் காட்டி இதேபோல் வேண்டும் என்று கேட்டால் நல்லவர் மறுத்துவிடுவார்; மறுக்காதவரிடம் எனக்குக் கொடுக்க மனம் வராது.

முதல் பொம்மை வாங்குகிறவர் என்றால் கம்பெனி முகத்தோடு வாங்கி ஆறு மாதம் வைத்துப் பாருங்கள் என்பேன். எது பிடிக்கிறது, எது உறுத்துகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். மனதில் ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தால், உங்கள் பாட்டியின் சாயலோ நீங்களே எழுதுகிற கதையின் நாயகியோ, அப்போது வெறும் தலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவர்களுக்கு சில கம்பெனிகள் எளிய ஃபேஸ்அப் ஒன்றைக் குறைந்த கூலிக்குத் தருகின்றன, புருவமும் உதடும் லேசான கன்னச் சிவப்பும் மட்டும். துடைக்கவும் மனம் வலிக்காது.

வெளுத்துப்போன என் தலையை மாசி வரை அப்படியே அலமாரியில் வைத்திருந்தேன். பிறகு துடைத்து, ஈரமானி 52 காட்டிய ஒரு பகலில் மறுபடி எழுதினேன். இடது புருவம் ஒரு மயிரிழை மேலே ஏறிவிட்டது. சித்தி வந்திருந்தபோது கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னடி, இவ நாம சொல்றத நம்பாத மாதிரியே பாக்குறா" என்றாள். அதனால் அந்தப் புருவத்தை நான் தொடவில்லை.