மூன்று துறைகளில் ஓடும் பாடத் தேர்வுத் தளத்தைப் பதினைந்து துறைகளுக்கு விரிப்பது எப்படி?

கணினி அறிவியல், பி.சி.ஏ., கணிதம் ஆகிய துறைகளில் தகராறில்லாமல் ஓடிய பாடத் தேர்வுத் தளம், அதாவது மாணவர் தம் விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் இணையதளம், தமிழ், ஆங்கிலம், வணிகவியல், வரலாறு என்று மற்றத் துறைகளையும் சேர்த்த முதல் செமஸ்டரிலேயே தடுமாறும். சர்வர் தாங்கவில்லை என்று பேச்சு வரும். பெரும்பாலும் கோளாறு சர்வரில் இருக்காது. ஒவ்வொரு துறைக்கும் பாட ஒதுக்கீட்டில் எழுதி வைக்காத வழக்கங்கள் பல உண்டு. முதல் மூன்று துறைகளின் வழக்கம் தளத்துக்குள் ஏறியிருக்கும். மற்றப் பன்னிரண்டு துறைகளின் வழக்கம் துறைத் தலைவரின் நினைவிலும் அலுவலக உதவியாளரின் நோட்டிலுமே இருக்கும். அதை வெளியே எடுத்து எழுதுவதுதான் இந்த வேலையில் பாதி.

தமிழ்நாட்டின் கலை அறிவியல் பட்டப்படிப்பில் பகுதி நான்கில் வரும் என்.எம்.இ. பாடத்தை, அதாவது மாணவர் தன் துறைக்கு வெளியே எடுக்கும் விருப்பப் பாடத்தை, எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். எல்லாத் துறையும் ஒன்றோடொன்று உரசும் இடம் அதுதான். அது சரியாக நடந்துவிட்டால் துறைக்குள் நடக்கும் எலெக்டிவ் தேர்வு எளிது.

முதலில் விதிகள், பிறகு மென்பொருள்

ஒவ்வொரு துறைத் தலைவரிடமும் ஒரு பக்கத் தாள் கொடுத்து, நிரப்பிக் கையெழுத்துடன் வாங்குங்கள். கேட்க வேண்டியவை: துறை வழங்கும் பாடம், அதன் குறியீடு, கிரெடிட், எடுக்கும் ஆசிரியர், ஒரு பிரிவுக்கு அதிகபட்சம் எத்தனை பேர், எத்தனை பேருக்குக் குறைந்தால் பாடம் நடக்காது, எந்தத் துறை மாணவர் இதை எடுக்கக் கூடாது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வணிகவியல் துறை ‘கணக்கியல் அடிப்படைகள்’ நடத்தும், பி.பி.ஏ. மாணவர் அதே பாடத்தை முதன்மைப் பாடமாகவே படித்திருப்பார். தளம் தடுக்காவிட்டால் அவர் அதைத்தான் முதல் விருப்பமாகப் போடுவார். தேர்வு நெருங்கும்போது தேர்வுப் பிரிவு கண்டுபிடித்துப் பாடத்தை மாற்றச் சொல்லும். அதற்குள் அகமதிப்பீடு பாதி முடிந்திருக்கும். இதற்கு ‘பாடம் – தடைசெய்த துறை’ என்று இரண்டே பத்தி கொண்ட அட்டவணை போதும். நிரலுக்குள் நிபந்தனையாக எழுதி வைத்தால் ஒவ்வொரு செமஸ்டரும் நிரலரைத் தேட வேண்டிவரும்.

அடுத்தது மொழி விதி. விரிவாக்கத்தில் மிக அதிகமாகத் தவறும் இடம் இது. மொழிப் பாடமான பகுதி ஒன்றில் தமிழ் அல்லாத மொழியை எடுத்தவர்களில், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படிக்காதவருக்கு அடிப்படைத் தமிழ். படித்தவருக்குச் சிறப்புத் தமிழ். இந்த இரண்டிலும் சேராதவருக்கே என்.எம்.இ. ஆகவே, தளத்தைத் திறக்கும்முன் ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு விவரம் வேண்டும்: பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படித்தாரா, இப்போது பகுதி ஒன்றில் என்ன மொழி. முதல் விவரம் சேர்க்கை விண்ணப்பத்தில் மட்டுமே இருக்கும், பல இடங்களில் தட்டச்சே ஆகியிருக்காது. மாணவரையே கேட்டு நிரப்பினால் பிழை வரும். மதிப்பெண் சான்றிதழ் நகலைப் பார்த்து அலுவலகம்தான் நிரப்ப வேண்டும். பிரெஞ்சு, இந்தி, சமஸ்கிருதம் எடுத்தவர்களை மட்டும் பார்த்தால் போதும் என்பதால் ஒரே நாளில் முடிகிற வேலைதான்.

முன்தேவைப் பாடம் உள்ள எலெக்டிவ்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தேர்வு செய்யும் நேரத்தில் நடப்பு செமஸ்டரின் முடிவு வந்திருக்காது. ‘தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்’ என்று விதியை எழுதினால் ஒருவருக்கும் பாடம் திறக்காது. ‘தேர்ச்சி பெற்றவர் அல்லது இப்போது படித்துக்கொண்டிருப்பவர்’ என்று எழுத வேண்டும். வேறு கல்லூரியிலிருந்து மாற்றலாகி வந்தவர், படிப்பை விட்டுவிட்டு மறுசேர்க்கை ஆனவர் ஆகியோருக்குப் பழைய செமஸ்டர் பதிவுகளே தளத்தில் இருக்காது. அவர்களுக்குப் பாட இணைத்தன்மைப் பட்டியலைப் பார்த்து முன்கூட்டியே கையால் ஏற்றிவிடுங்கள்.

தரவை ஏற்றும்போது உடைகிறவை

பதிவு எண்ணில் தொடங்குவோம். கணினி அறிவியலில் 23சிஎஸ்105 என்று ஓடிய எண் எந்தச் சிக்கலும் தராது. ஆங்கிலத் துறைக்கு ‘இ’ (E) என்ற ஒற்றை ஆங்கில எழுத்துதான் குறியீடு என்றால் 23இ105 என்று வரும். எக்செல் அதைப் பத்தின் அடுக்காக எடுத்துக்கொண்டு 2.30இ+106 என்று மாற்றிவிடும். சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்ததும் மூல எண் போய்விடும், மீட்க முடியாது. பன்னிரண்டு இலக்கப் பதிவு எண்ணுக்கும் இதே கதிதான். கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாக உள்ளே எடுத்து, அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துவிட வேண்டும். ஏற்றும் நிரலும் எண்ணின் வடிவத்தைச் சரிபார்த்து, பொருந்தாத வரியை வரி எண்ணோடு திருப்பி அனுப்ப வேண்டும்.

தமிழ்த் துறையின் பாடத் தலைப்புகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகி வரும். எழுத்துருவை மாற்றிப் பார்த்தால் தமிழாகத் தெரியும். தளத்தில் ஏற்றினால் புரியாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும். யூனிகோடுக்கு மாற்றி, தமிழ்த் துறை ஆசிரியர் ஒருவரிடம் மெய்ப்புப் பார்க்கக் கொடுங்கள். தரவுத்தளத்தில் அந்தப் பத்தி, யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூ.டி.எஃப்-8 ஆக இருக்க வேண்டும். அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட் எடுக்கும். உயிர்மெய் பலவற்றுக்கு இரண்டு குறி வேண்டும். நீள வரம்பு பைட்டில் இருந்தால் ஆங்கிலத் தலைப்பு பொருந்திய இடத்தில் தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். திரையில் சரியாகத் தெரிவதோடு நிறுத்தாமல், பி.டி.எஃப். ஒன்றும் எடுத்துப் பாருங்கள். எழுத்துக் கோவையைக் கையாளத் தெரியாத பி.டி.எஃப். நிரல்கள் ‘கொ’வின் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போடும். ஹால் டிக்கெட் அச்சாகும் நாளில் இதைக் கண்டுபிடிப்பது மிகத் தாமதம்.

ஷிஃப்ட் 1, ஷிஃப்ட் 2 என்று இரு வேளை நடக்கும் கல்லூரியில் ஒரே பாடம், ஒரே குறியீடு, இரண்டு வேளையிலும் இருக்கும். பாடக் குறியீட்டை மட்டும் வைத்து இருக்கைகளை எண்ணினால் காலை மாணவர் மாலை வகுப்பின் இருக்கையைத் தின்றுவிடுவார். பாடம் வேறு, அதன் பிரிவு வேறு என்று இரண்டு அட்டவணையாக வையுங்கள். இருக்கை, ஆசிரியர், நேரம், அறை எல்லாம் பிரிவோடு சேர்ந்தவை. மூன்று துறைக்காக எழுதிய தளத்தில் இந்தப் பிரிப்பு பெரும்பாலும் இருக்காது. விரிக்கும்முன் கட்டாயம் செய்ய வேண்டிய ஒரே கட்டமைப்பு மாற்றம் இது என்றே சொல்லலாம்.

இருக்கைக் கணக்கும் பொது வேளையும்

ஒரு ஷிஃப்டில் 15 துறை, 900 மாணவர் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைத் தமிழுக்கும் சிறப்புத் தமிழுக்கும் 60 பேர் போனால் மீதி 840. துறைக்கு ஒரு பாடம், பாடத்துக்கு 60 பேர் என்றால் 900 இருக்கை. போதும் என்று தோன்றும்; போதாது. உபரி வெறும் 7 சதவீதம். கடைசியில் வருபவர்களுக்கு யாரும் விரும்பாத பாடங்களே மிஞ்சும், அதிலும் சில அவர்களுடைய சொந்தத் துறையின் பாடமாக இருந்து அடைபட்டுப் போகும். 15 முதல் 20 சதவீதம் உபரி வையுங்கள்: 17 பிரிவு, 1,020 இருக்கை. கூடுதல் இரண்டு பிரிவை எந்தத் துறைக்குக் கொடுப்பது என்பதைக் கடந்த ஆண்டின் கேட்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். துறைகளுக்குள் சமமாகப் பங்கிடும் ஆசை வேண்டாம்.

பதினேழு பிரிவும் இரண்டு தமிழ் வகுப்பும் ஒரே நேரத்தில் நடக்க 19 அறை வேண்டும். எல்லாத் துறையின் கால அட்டவணையிலும் வாரத்தில் அதே இரண்டு மணி நேரம் காலியாக இருக்க வேண்டும். அறிவியல் துறைகளின் ஆய்வக வேளை மூன்று மணி நேரம் தொடர்ந்து போகும் என்பதால், பிற்பகலில் பொது வேளை வைத்தால் மோதும். காலை முதல் அல்லது இரண்டாம் மணி நேரம் பாதுகாப்பானது. அறை போதாவிட்டால் துறைகளை ‘அ’, ‘ஆ’ என்று இரண்டு தொகுதியாகப் பிரித்து வெவ்வேறு வேளை கொடுங்கள். மாணவருக்கு அவர் தொகுதியின் பாடங்கள் மட்டுமே திரையில் தெரிய வேண்டும். இந்தப் பொது வேளையைத் தளம் திறப்பதற்கு ஆறு வாரம் முன்பே முதல்வரின் சுற்றறிக்கையாக வெளியிடச் செய்யுங்கள். ஒரு துறை மறந்துபோய் அந்த நேரத்தில் முதன்மைப் பாடத்தைப் போட்டுவிட்டால், அந்த 60 பேரின் தேர்வும் வீணாகும்.

முந்தியவருக்கு முதலிடம் என்ற முறையைக் கைவிடுங்கள்

பத்து மணிக்குத் திறந்து, முதலில் சொடுக்கியவருக்கு இருக்கை கொடுப்பது மூன்று துறைக்குள் பெரிய அநியாயமாகத் தெரியாது. கல்லூரி முழுவதும் நடக்கும்போது, விடுதி வைஃபையில் உட்கார்ந்திருப்பவருக்கும், சிக்னல் வந்து போகும் ஊரிலிருந்து பேருந்தில் வருபவருக்கும் நடக்கும் பந்தயமாகிவிடும். மாணவரின் ஆர்வத்தை அது அளப்பதில்லை.

மாற்று முறை எளியது. தளத்தை ஐந்து நாள் திறந்து வையுங்கள். ஒவ்வொருவரும் குறைந்தது ஆறு பாடங்களை விருப்ப வரிசையில் இட வேண்டும். கடைசி நாள்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். மூடியபின் எல்லா மாணவருக்கும் குலுக்கலில் வரிசை எண் கொடுத்து, அந்த வரிசையில் ஒவ்வொருவருக்கும் அவர் பட்டியலில் மேலே உள்ள, இடம் இருக்கும் பாடத்தை ஒதுக்குங்கள். இந்த முறையில் உண்மையான விருப்பத்தை அப்படியே வரிசைப்படுத்துவதுதான் மாணவருக்கு நல்லது. ‘கூட்டம் சேரும் பாடத்தை முதலில் போட்டால் நட்டம்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. இதைத் திரையிலேயே தமிழில் இரண்டு வரியில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் வகுப்பில் வதந்தி பரவும். குலுக்கலின் தொடக்க எண்ணைத் துறைத் தலைவர்கள் முன்னிலையில் சீட்டெடுத்துத் தீர்மானித்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதே எண்ணை நிரலுக்குக் கொடுத்தால் அதே முடிவுதான் வரும் என்பதால் யார் கேட்டாலும் மீண்டும் ஓட்டிக் காட்டலாம். முந்தைய செமஸ்டரில் நான்காவது விருப்பத்துக்கும் கீழே கிடைத்தவர்களை வரிசையின் முன்பகுதியில் வைத்துக் குலுக்குவது நியாயம்.

மதிப்பெண் வரிசையில் ஒதுக்கலாமே என்று சில துறைகள் வற்புறுத்தும். என்.எம்.இ. பாடத்துக்கு அது கூடாது. தன் துறைக்கு வெளியே ஒன்றைத் தொட்டுப் பார்க்கத்தான் இந்தப் பாடம். அதன் வாசலிலும் பழைய மதிப்பெண்ணைக் காவல் வைப்பது பாடத்தின் நோக்கத்தையே கெடுக்கும்.

சுமைப் பிரச்சினையும் இதோடு கரைந்துவிடும். முந்துவோர் முறையில் 840 பேர் இரண்டு நிமிடத்துக்குள் ஆளுக்கு ஐந்து பக்கம் திறந்தால் வினாடிக்கு 35 கோரிக்கை. அது பெரிய சுமையே அல்ல. ஆனால் ஒவ்வொரு பக்கமும் எல்லாப் பாடத்தின் மீதி இருக்கையையும் புதிதாக எண்ணிக்கொண்டு, தரவுத்தள இணைப்பை நான்கு வினாடி பிடித்து வைத்தால் ஒரே நேரத்தில் 140 இணைப்பு வேண்டும். தரவுத்தள மென்பொருள்களில் போஸ்ட்கிரெஸ் இயல்பில் 100-தான் அனுமதிக்கும், மைஎஸ்கியூஎல் 151, அதுவும் விளிம்புதான். அங்கேதான் தளம் படுக்கிறது. ஐந்து நாளில் பரவினால் இந்த நிலை வராது. கடைசி நாள் மாலை மட்டும் கொஞ்சம் கூட்டம் இருக்கும்.

வகுப்பு தொடங்கியபின் பாடத்தை மாற்றிக்கொள்ள விடும் மாற்றல் வாரத்தில் மட்டும் முந்துவோர் முறை தவிர்க்க முடியாதது. அங்கே மீதி ஓர் இருக்கை இருக்கிறதா என்று படித்துப் பார்த்து, பிறகு தனியாக எழுதினால், இருவர் ஒரே நொடியில் நுழைந்து 60 பேர் வகுப்பில் 61 பேர் ஆவார்கள். ‘மீதி பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ஒன்று குறை’ என்று ஒரே கட்டளையாக எழுதி, ஒரு வரி மாறியதா என்று பார்த்தபின்னரே பதிவை உறுதி செய்யுங்கள். ஒரு மாணவருக்கு ஒரு வேளையில் ஒரே பாடம் என்ற கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே போட்டுவிடுங்கள்.

ஒத்திகை, உள்நுழைவு

புதிய துறைகளைத் திறக்கும்முன், அவர்கள் கடந்த செமஸ்டரில் தாளில் எழுதிக் கொடுத்த விருப்பங்களை அப்படியே தளத்தில் ஏற்றி ஒதுக்கீட்டை ஓட்டுங்கள். வந்த பட்டியலை அன்று நடந்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். யார் யாருக்கு எது கிடைத்தது என்பது மாறத்தான் செய்யும். பார்க்க வேண்டியது, தளம் அனுமதித்ததைத் துறை அன்று மறுத்ததா, துறை கொடுத்ததைத் தளம் இப்போது தடுக்கிறதா என்பது. அப்படி வரும் ஒவ்வொரு பெயரும் தாளில் எழுதாமல் விட்ட ஒரு விதியைக் காட்டும். பார்வையற்ற மாணவருக்குக் கீழ்த்தள அறை, விளையாட்டு மாணவருக்குக் காலை வேளை விலக்கு போன்றவை இப்படித்தான் வெளியே வரும். பன்னிரண்டையும் ஒரே முறையில் சேர்க்காமல், முதல் சுற்றில் தமிழ்த் துறையையும் ஷிஃப்ட் 2 உள்ள ஒரு துறையையும் சேர்த்துப் பாருங்கள். இந்த இரண்டும் நன்றாக ஓடினால் மற்றவை ஓடும்.

ஓ.டி.பி. வழியாக உள்நுழைவு என்றால், சேர்க்கையின்போது பலர் கொடுத்தது அப்பாவின் கைபேசி எண் என்பதை மறக்க வேண்டாம். அவர் வேலையில் இருப்பார், மாணவர் வகுப்பில் காத்திருப்பார். ஒரு மாதம் முன்பே வகுப்பு ஆசிரியர் வழியாக எண்களைப் புதுப்பியுங்கள். குறுஞ்செய்தியின் வாசகத்தை, நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளைப் பதிவு செய்யும் டி.எல்.டி. தளத்தில் முன்பதிவு செய்யாவிட்டால் செய்தி போகாது. தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துக் குறிதான் வரம்பு, மீறினால் இரண்டு செய்தியாகக் கணக்காகும். பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். வகுப்பில் எல்லோருக்கும் எல்லோருடைய பிறந்த நாளும் தெரியும். வேடிக்கைக்கு ஒருவர் விருப்பத்தை இன்னொருவர் மாற்றி வைப்பார்.

சர்வரின் கடிகாரமும் பார்க்க வேண்டியதே. அது உலக நேரத்தில் இருந்து, நீங்கள் 10 மணி என்று போட்டால் இங்கே பிற்பகல் 3.30-க்குத்தான் திறக்கும்.

ஐந்து நாளில் சிலர் விருப்பமே இடமாட்டார்கள். நான்காம் நாள் காலை அவர்களின் பட்டியலை வகுப்புவாரியாக எடுத்து ஆசிரியரிடம் கொடுங்கள். அன்றும் மறுநாளும் கணினி ஆய்வகத்தை மாலை ஐந்து மணிவரை திறந்து வையுங்கள். அதற்கும் வராதவரை வரிசையின் கடைசியில் வைத்து மீதி இடத்தில் ஒதுக்குங்கள். ஒதுக்காமல் விடக் கூடாது; செமஸ்டர் முடிவில் இரண்டு கிரெடிட் குறைந்து நிற்பார்.

தேர்வுப் பிரிவிடம் ஒப்படைப்பு

மாற்றல் வாரம் முடிந்த அன்று மாலை பட்டியலைப் பூட்டிவிடுங்கள். அதன்பிறகு வரும் எந்த மாற்றமும் முதல்வர் கையெழுத்தோடு, தளத்தின் வழியாகவே நடக்க வேண்டும். ஆசிரியர் கையில் இருக்கும் வருகைப் பதிவேடு, அகமதிப்பீட்டு மதிப்பெண் தாள், தேர்வுக் கட்டண விண்ணப்பம் மூன்றும் தளத்திலிருந்தே அச்சாக வேண்டும். யாராவது தனியாக எக்செல் கோப்பு வைத்துக்கொள்ளத் தொடங்கினால், அடுத்த மாதமே இரண்டு பட்டியல் இருக்கும்.

அனுப்பும்முன் மூன்று சரிபார்ப்பு போதும். பிரிவுவாரி எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை மொத்த மாணவருக்குச் சமமா? இரண்டு பாடம் உள்ளவரோ ஒன்றுமே இல்லாதவரோ உண்டா? தடைசெய்த துறை அட்டவணையில் மோதும் பெயர் ஏதும் இருக்கிறதா? தமிழ் வகுப்புகளின் 60 பேரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்கள் விருப்பம் இடாததால் பட்டியலிலிருந்து நழுவிப்போவது முதல் ஆண்டில் பல இடங்களில் நடக்கும். பெயரையும் முன்னெழுத்தையும் சேர்க்கைப் பதிவில் உள்ளபடியே அனுப்புங்கள். பின்னால் கிரெடிட்கள் மாணவரின் ஏ.பி.சி. கணக்கில், அதாவது கிரெடிட்களைச் சேமிக்கும் கல்வி வங்கிக் கணக்கில், ஏறும்போது ‘ச. கவிதா’வும் ‘கவிதா ச’வும் வேறு வேறு ஆளாக நின்றால், அலைய வேண்டியது மாணவர்தான்.