இதயம் பலமாகச் சுருங்கினால் மட்டும் போதுமா? பெப்டைடுகள் பற்றிய சில தவறான கணக்குகள்

ஆய்வகத்தில் இதயத் தசையின் மெல்லிய துண்டு ஒன்றை இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மாட்டி, உப்புக் கரைசலில் தொங்கவிடுவார்கள். அதில் எண்டோதீலின் என்ற பெப்டைடைச் (உடலே சுரக்கும் சிறு புரதத் துண்டு) சேர்த்தால், தசை இழுக்கும் விசை பெரும்பாலும் கூடும். திரையில் கோடு மேலே ஏறும். உடனே, "அப்படியானால் பலவீனமான இதயத்துக்கு இதுதானே மருந்து!" என்று தோன்றும். இந்த விஷயத்தில் பலரும் சறுக்குவது இங்கேதான்.

கொக்கியில் தொங்கும் தசைக்கு ரத்தத்தைத் தள்ளும் வேலை கிடையாது. உடம்புக்குள் இருக்கும் இதயத்துக்கு அதுதான் வேலையே. எண்டோதீலின், ஆஞ்சியோடென்சின் 2 என்ற மற்றொரு பெப்டைடு இரண்டுமே ரத்தக்குழாய்களை இறுக்குகின்றன. ஏற்கெனவே களைத்த இதயம் அந்த இறுக்கத்தை எதிர்த்து முக்க வேண்டும். இது மாதக்கணக்கில் நீடித்தால் தசை தடிக்கும், நடுவே நார்த்திசு படியும். பெப்டைடு அல்லாத மருந்திலும் இதே பாடம் கிடைத்தது. சுருக்கத்தைக் கூட்டும் மில்ரினோன் மாத்திரையைத் தீவிர இதயச் செயலிழப்பில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991-ல் வெளியானது. மருந்து சாப்பிட்டவர்களில் இறப்பு 28% அதிகம்.

அடுத்த தவறு, இதயச் செயலிழப்பில் ரத்தத்தில் ஏறியிருப்பதால் பி.என்.பி. (Brain Natriuretic Peptide) என்ற பெப்டைடை வில்லனாக்குவது. கீழறைச் சுவர் இழுபடும்போது இதயத் தசையே சுரக்கும் ஹார்மோன் அது. உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றி, குழாய்களைத் தளர்த்தி, இதயத்தின் சுமையை இறக்கப் பார்க்கிறது. (பெயரில் இருக்கும் 'Brain', அதாவது 'மூளை', 1988-ல் முதலில் பன்றி மூளையில் கிடைத்ததால் ஒட்டிக்கொண்டது.) சரி, நல்லதுதானே என்று ஊசியில் ஏற்றினால்? செயற்கையாகத் தயாரித்த பி.என்.பி.யான நெசிரிடைடு மருந்தை 7,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்த 2011 ஆய்வில் இறப்பு குறையவில்லை; ரத்த அழுத்தம்தான் சிலருக்கு அதிகமாக இறங்கியது.

பரிசோதனைத் தாளை வைத்துப் பதறுவது இன்னொன்று. சகுபிட்ரில்–வல்சார்டன் என்ற இதயச் செயலிழப்பு மருந்தைச் சாப்பிடுபவருக்கு, பி.என்.பி.யைச் சிதைக்கும் நெப்ரிலைசின் என்ற நொதி தடுக்கப்படுவதால், உடல் தேறும்போதே அந்த எண் ஏறலாம். அவருக்கு, பி.என்.பி. உருவாகும்போது கூடவே பிரியும் துண்டான என்டி-புரோ பி.என்.பி. பார்ப்பதே பொருத்தம், நெப்ரிலைசின் அதைத் தொடுவதில்லை. உடல் பருமனில் இரண்டும் குறைவாகக் காட்டும். வயதும் சிறுநீரகக் கோளாறும் ஏற்றிவிடும்.

அப்புறம், எனலாப்ரில் போன்ற ஏ.சி.இ. தடுப்பு (ஆஞ்சியோடென்சின் 2 உருவாவதைக் குறைக்கும்) மாத்திரையிலிருந்து சகுபிட்ரிலுக்கு மாறும்போது 36 மணி நேர இடைவெளி கட்டாயம். இரண்டும் உடம்பில் சேர்ந்தால் பிராடிகைனின் என்ற இன்னொரு பெப்டைடு தேங்கி, நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சே அடைக்கலாம்.