நூலக வரிக்கு ஓட்டுக் கேட்பவர்கள் சறுக்கும் இடங்கள்

தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வந்துவிடுகிறது. யாரும் நம் சம்மதத்தைக் கேட்பதில்லை. அமெரிக்காவின் பல ஊர்களில் அதை மக்களின் ஓட்டுக்கு விடுகிறார்கள். மிச்சிகன் மாநிலத்தின் ட்ராய் நகரம், நூலகத்துக்குப் பூட்டுப் போடும் நிலைவரை போய்த் திரும்பிய ஊர்.

நூலகத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் நம் பக்கம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அடிக்கடி நூலகம் வருவதற்கும் நூலக வரியை ஆதரிப்பதற்கும் அதிகத் தொடர்பில்லை என்று 2008இல் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பின் ஆய்வு காட்டியது. நூலகம் ஒருவரின் வாழ்க்கையையே மாற்றும் என்று நம்புகிறவர்தான் ஆதரிக்கிறார்; அவரிடம் உறுப்பினர் அட்டைகூட இல்லாதிருக்கலாம். நூலக வாசலில் மட்டும் துண்டறிக்கை கொடுத்துவிட்டு வந்தால் அவரைப் பார்க்கவே முடியாது.

ட்ராயில் 2010 நவம்பரில் ஒரே வாக்குச்சீட்டில் நூலகம் பற்றி நான்கு தீர்மானங்கள் இருந்தன. எது எதற்கென்று குழம்பியவர் என்ன செய்வார்? 'வேண்டாம்' என்று குறித்துவிட்டு வீட்டுக்குப் போவார். நான்கும் தோற்றன.

2011 ஆகஸ்ட் 2இல் ஒரே கேள்வி: ஐந்தாண்டுகளுக்கு 0.7 மில் வரி. 'மில்' என்றால் யாருக்குப் புரியும்? வரி மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர் என்பதுதான் ஒரு மில். வரி மதிப்பு 1,00,000 டாலர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 70 டாலர் என்று சொல்ல வேண்டும். ஆனால் கணக்கை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் வரி எதிர்ப்பாளர்களுக்குத்தான் கொண்டாட்டம். அந்தச் சமயத்தில்தான் "நூலகத்தை மூட ஓட்டுப் போடுங்கள், ஆகஸ்ட் 5 புத்தக எரிப்பு விருந்து" என்ற பலகைகள் முளைத்தன. புத்தகத்தை எரிப்பதா என்று ஊர் கொதித்தது; பேச்சு வரியிலிருந்து நூலகத்துக்குத் திரும்பியது. அது நூலக ஆதரவாளர்களின் வேலை என்பது பிறகுதான் வெளிப்பட்டது. ஏறத்தாழ 58 சதவீத ஆதரவோடு வரி நிறைவேறியது.

இதைப் பார்த்து ஆளாளுக்கு எரிப்பு விளம்பரம் செய்யக் கிளம்புவதும் தவறுதான். பொய் சொல்லிக் கிளப்பிய கோபம், குட்டு உடைந்ததும் நூலகத்தின் மீதே பாய்ந்திருக்கலாம். 1971இல் இதே நூலகத்தின் குழந்தைகள் பிரிவு நூலகர் மார்கரீட் ஹார்ட் கேட்டுக்கொண்டதற்காக நிலவில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவும் அவ்வூர்க் குழந்தைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களை வீடு வீடாகக் காட்டி ஓட்டுக் கேட்டிருப்பேன் நான்.

யார் ஓட்டுக் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். மிச்சிகன் சட்டப்படி நூலகத்தின் பணத்தில் 'ஆதரித்து வாக்களியுங்கள்' என்று அச்சடிக்க முடியாது; விவரம் மட்டும் தரலாம். பிரசாரத்துக்குத் தனியாக ஒரு குடிமக்கள் குழு வேண்டும். அதற்கு ஆள் சேர்ப்பதை வாக்கெடுப்புத் தேதி வரும்வரை தள்ளிப்போடக் கூடாது.