கூட்டத்துக்கு ஆள் சேர்த்த இரண்டு கற்கள்

நில அளவையர் சங்கத்தின் எங்கள் வட்டக் கிளைக்கு நான் செயலாளரானபோது மாதக் கூட்டத்துக்கு 6 பேர் வருவார்கள். அதில் இருவர் டீக்காக. தொலைபேசியில் கெஞ்சியும் பயனில்லை. பிறகு சொற்பொழிவுகளை நிறுத்திவிட்டு, டோட்டல் ஸ்டேஷனால் (தூரத்தையும் கோணத்தையும் துல்லியமாக அளக்கும் மின்னணுக் கருவி) அளந்து 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு கற்களை நட்டேன். அவரவர் அளவு நாடாவைக் கொண்டுவந்து சோதிக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

முதல் மாதமே மூத்தவர் ஒருவரின் எஃகு நாடா 30.04 காட்டியது. அறுந்த இடத்தில் ரிவெட் அடித்து இணைத்தபோது 4 சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கிறது. "இத்தனை வருடங்களாகவா?" என்றார், முகம் வெளுத்து. முப்பது முப்பது மீட்டராக மூன்று முறை நாடா பிடிக்கும் தொண்ணூறு மீட்டர் வரப்பில் அது 12 சென்டிமீட்டர். அண்ணன் தம்பி நீதிமன்றம் ஏற அவ்வளவு போதும்.

அடுத்த கூட்டத்துக்கு 22 பேர். சந்தா பாக்கியும் கல்லடியிலேயே வசூலாகிவிட்டது.