மாசை உண்ணும் புதிய பாக்டீரியா: எந்தச் சிற்றினம் என்று கண்டறிவது எப்படி?

பிளாஸ்டிக்கையோ பூச்சிக்கொல்லியையோ சிதைக்கும் ஒரு பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்துத் தூய வளர்ப்பாக வைத்திருக்கிறீர்கள். டிஎன்ஏ எடுக்கவும் தெரியும். சரி, இது பெயருள்ள சிற்றினமா, புதியதா? இந்த வேலையை முழுதாக முடித்த கையோடு எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. எதை உண்கிறது என்பதை வைத்து வகைப்படுத்தாதீர்கள். சிதைக்கும் மரபணுக்கள் பல நேரங்களில் பிளாஸ்மிடில் (முதன்மை டிஎன்ஏவிலிருந்து தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ) இருக்கும்; ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியைச் சிதைக்கும் யுடி26, பி90ஏ, எஸ்பி+ ஆகிய மூன்று திரிபுகளிலும் (தனித்தனியாகப் பிரித்தெடுத்த பாக்டீரியா வளர்ப்புகள்) அதைச் சிதைக்கும் ஒத்த லின் மரபணுக்கள் உண்டு. மூன்றையும் ஸ்பிங்கோமோனாஸ் பாசிமொபிலிஸ் என்றே அழைத்துவந்தார்கள். 2005இல் அவை ஸ்பிங்கோபியம் பேரினத்தின் மூன்று தனிச் சிற்றினங்களாக வகைப்படுத்தப்பட்டன: ஜப்பானிகம், இண்டிகம், ஃபிரான்சென்ஸ்.

படி 1: 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு

எல்லா பாக்டீரியாவிலும் இருப்பதால் ஒப்பிட உதவும் மரபணு இது. இதை 27எஃப், 1492ஆர் பிரைமர்களால் (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) பெருக்கி, இரு முனைகளிலிருந்தும் வரிசையைப் படியுங்கள். ஏறத்தாழ 1,500 கார இணைகள் வேண்டும். பாதி வரிசையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். தெரிந்த சிற்றினங்களின் வரிசைகளோடு ஒப்பிட எனக்குப் பிடித்தது ஈஸ்பயோகிளவுட் தளம். என்சிபிஐ தளத்தின் பிளாஸ்ட் தேடலைப் பயன்படுத்தினால், மாதிரித் திரிபுகளின் (ஒரு சிற்றினத்தின் பெயருக்கு அடையாளமாக வைக்கப்பட்ட திரிபுகள்) வரிசைகளை மட்டும் தேடும்படி வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் தவறான பெயரோடு யாரோ பதிவேற்றிய வரிசைகளே மேலே வந்து நிற்கும்.

படி 2: எண்ணைப் படிப்பது

பலரும் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மிக நெருங்கிய மாதிரித் திரிபோடு ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதிய சிற்றினமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் 99.5 என்று வந்தால் அதே சிற்றினம்தான் என்று பொருளில்லை! பேசில்லஸ் ஆந்த்ராசிஸ், சீரியஸ், துரிஞ்சியென்சிஸ் மூன்றுக்கும் 16எஸ் கிட்டத்தட்ட ஒன்றேதான். இந்த மரபணு மிக மெதுவாக மாறுவதால், அண்மையில் பிரிந்த சிற்றினங்களை அதனால் பிரித்துக் காட்ட முடியாது. குறைந்த எண் ஒரு தகவல் தரும். உயர்ந்த எண் ‘ஜீனோமைப் பார்’ என்று மட்டுமே சொல்லும்.

படி 3: முழு ஜீனோம்

பாக்டீரியாவின் டிஎன்ஏ முழுவதும்தான் ஜீனோம். அதைத் துண்டுகளாகப் படித்து, அந்த வரிசைகளைக் கோத்ததும் செக்எம் என்ற மென்பொருளை ஓட்டி, வேறு பாக்டீரியாவின் டிஎன்ஏ கலந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜீனோமில் உள்ள 16எஸ்ஸும் படி 1இல் கிடைத்ததும் பொருந்துகின்றனவா என்றும் சரிபாருங்கள். அப்புறம் மாதிரித் திரிபுகளின் ஜீனோம்களோடு ஒப்பிடும் டிஒய்ஜிஎஸ் தளத்தில் ஏற்றுங்கள். தொடக்கநிலையில் அதுவே எளிது. கணினி வழி டிஎன்ஏ கலப்பு மதிப்பு 70 சதவீதத்துக்குக் கீழே, சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை 95–96 சதவீதத்துக்குக் கீழே என்றால் தனிச் சிற்றினம். இரண்டுமே இரு ஜீனோம்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் அளவுகள். ஒரு மாதிரித் திரிபோடு மட்டும் ஒப்பிட்டு நிறுத்தாதீர்கள். நெருங்கிய எல்லாவற்றோடும் ஒப்பிடுங்கள். முடிந்தால் டிஎன்ஏவை நீண்ட துண்டுகளாகப் படிக்கும் நீள்வாசிப்பு வரிசையாக்கமே செய்யுங்கள். குறுவாசிப்பில் பிளாஸ்மிட் துண்டு துண்டாகிவிடும், நமக்கு வேண்டிய சிதைவு மரபணுக்கள் அங்கேதான் இருக்கக்கூடும்.

படி 4: பேரினம்

ஜீனோம்களை வைத்து உறவுமுறை காட்டும் ஜிடிடிபி மரத்தில் எங்கே அமர்கிறது என்று பாருங்கள். பெயரை, பாக்டீரியாப் பெயர்களைப் பட்டியலிடும் எல்பிஎஸ்என் தளத்தில் சரிபாருங்கள். பேரினங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பெட் பிளாஸ்டிக்கை (தண்ணீர் பாட்டில் செய்வது) சிதைப்பதாக 2016இல் அறிவிக்கப்பட்ட ஐடியோனெல்லா சகாயென்சிஸ் பின்னர் பிசினிபாக்டர் பேரினத்துக்கு மாற்றப்பட்டது.

படி 5: புதியது என்றால்

கொழுப்பு அமிலம், குயினோன் (செல் சவ்வில் இருக்கும் ஒரு சேர்மம்), வளர்ச்சி வெப்பநிலை எல்லாம் அளந்து விவரிக்க வேண்டும். சிதைக்கும் திறன் இந்த விவரிப்பில் இடம்பெறும். மாதிரித் திரிபை இரு வெவ்வேறு நாடுகளின் சேகரிப்பு மையங்களில் ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும். நாளாகும் வேலை, கட்டுரை எழுதும் முன்பே அனுப்பிவிடுங்கள்.

பின்சேர்க்கை: நியூக்ளியோடைடு ஒற்றுமை 95.5 என்று நடுவில் வந்தால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். டிஎன்ஏ கலப்பு மதிப்பில், டிஒய்ஜிஎஸ் காட்டும் டி4 சூத்திரத்தின் முடிவைப் பாருங்கள். ஜீனோம் முழுமையாக இல்லாவிட்டாலும் அது அவ்வளவாகப் பாதிக்கப்படாது. அதுவும் 70ஐ ஒட்டியே வந்தால் ஜீனோம் மரத்தையும் உடலியல் வேறுபாடுகளையும் சேர்த்தே முடிவெடுங்கள்.