ஸ்ரீரங்கத் தீவில் ஒரு பகல்: டெல்டாக்காரர்களுக்கான வழித்தடம்

தஞ்சை, கும்பகோணம் பக்கத்திலிருந்து ஸ்ரீரங்கம் செல்பவர்களில் பலர் பெருமாளைச் சேவித்த கையோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். முக்கொம்பு முதல் கல்லணை வரை காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நீண்டு கிடக்கும் இந்தத் தீவை, நடை சாத்தும் நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு கிளம்பினால் ஒரு பகலில் நிதானமாகவே பார்க்கலாம். கல்லணைச் சாலைக்குச் சொந்த வண்டியோ வாடகைக் காரோ இருப்பது நல்லது.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படுவதால், ஆடி முதல் மார்கழி வரை பெரும்பாலும் ஆற்றில் தண்ணீர் இருக்கும். சித்திரையில் வந்தால் அம்மா மண்டபம் படித்துறையில் மணலைத்தான் பார்க்க நேரும். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாட்களில் சுற்றிப் பார்க்கும் எண்ணத்தோடு வராதீர்கள்.

காலையிலேயே ஸ்ரீரங்கம் பெரிய கோயிலுக்குள் சென்றுவிட வேண்டும். 1987இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தில் பாதிகூட சேஷராயர் மண்டபத்துக்கு வருவதில்லை. முன்னங்கால்களைத் தூக்கி எழும் குதிரைகளையும், அவற்றின் கீழே பாயும் விலங்கை ஈட்டியால் குத்தும் வீரர்களையும் தூண் தூணாக நின்று பார்க்க அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

அங்கிருந்து பதினொன்றரைக்குள் திருவானைக்காவல் சென்றுவிட்டால், அர்ச்சகர் புடவை உடுத்தி, அகிலாண்டேஸ்வரியாகவே வந்து ஜம்புகேஸ்வரரைப் பூஜிக்கும் உச்சிக்காலத்தைக் காணலாம். இந்தப் பயணத்தில் எதை விட்டாலும் இதை விடக்கூடாது.

சாப்பாட்டுக்குப் பின் மேற்கா, கிழக்கா என்று முடிவுசெய்ய வேண்டும். சிறு பிள்ளைகள் உடன் வந்தால், பூங்காவும் மர நிழலும் உள்ள முக்கொம்பு ஏற்றது. காவிரி நீர் கொள்ளிடத்தின் பக்கமே சாய்ந்து போவதைத் தடுக்க 1836இல் ஆர்தர் காட்டன் எழுப்பிய மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட பின், அங்கே புதிய கதவணை எழுந்திருக்கிறது.

மற்றவர்களுக்குக் கல்லணையே என் தேர்வு. உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாக வாழைத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் சாலை தீவின் கிழக்கு முனையில் கொண்டுபோய் விடும். நம் வயலுக்கு வரும் தண்ணீர் காவிரியாகவும் வெண்ணாறாகவும் புது ஆறாகவும் பிரிந்து, மிஞ்சியது கொள்ளிடத்தில் இறங்குவதை அணைமேல் நடந்தபடியே பார்க்கலாம். திரும்பும்போது திருச்சிக்குள் நுழைய வேண்டியதில்லை. திருக்காட்டுப்பள்ளிச் சாலையைப் பிடித்தால், வழியில் கோவிலடி அப்பக்குடத்தான் சன்னதியையும் சேவித்துவிட்டுத் தஞ்சாவூருக்கோ, திருவையாறு வழியாகக் கும்பகோணத்துக்கோ போய்ச் சேரலாம்.