மாஸ்டடானில் நண்பரைத் தேடினால் மூன்று பதிவுதான் தெரிகிறதா?

ட்விட்டர் மாதிரியே பதிவு போட்டுப் பேசிக்கொள்கிற, ஆனால் பலர் தனித்தனியாக நடத்துகிற சர்வர்களால் ஆன சமூக வலைத்தளம் மாஸ்டடான். அங்கே புதிதாக வருகிறவர் முதல் நாளே செய்கிற காரியம், ட்விட்டரில் பழகிய யாரையாவது தேடுவது. பெயர் கிடைக்கும், படம் கிடைக்கும், கீழே பார்த்தால் இரண்டு மூன்று பதிவு, சில சமயம் அதுவும் இருக்காது. ஆள் இங்கே எதுவும் எழுதுவதில்லை போல என்று மூடிவிட்டுப் போய்விடுவார். அந்த ஆளோ தன் சர்வரில் ஆயிரம் பதிவு போட்டிருப்பார்.

2019 நவம்பரில், வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்ட கோபத்தில் இந்தியாவிலிருந்து நிறையப் பேர் மாஸ்டடானுக்கு வந்தார்கள். 2022 கடைசியில் ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியதும் இன்னும் பெரிய கூட்டம் வந்தது, மாதந்தோறும் புழங்குபவர்கள் சுமார் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக ஏறினார்கள். இப்படி வருகிறவர்கள் தடுக்கி விழுகிற இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான், இதை ஒரே இடம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வருவது.

யூஜென் ரோச்கோ 2016இல் ஜெர்மனியிலிருந்து இதை வெளியிட்டபோதே, யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு சர்வர் நடத்தலாம், சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் என்பதுதான் ஏற்பாடு. பேசுவதற்கான பொதுமொழி ஆக்டிவிட்டிபப், 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதைத் தரமாக அறிவித்தது. நீங்கள் வேறு சர்வரில் இருக்கும் ஒருவரை ஃபாலோ செய்தால், அன்றிலிருந்து அவர் எழுதுவதை அவருடைய சர்வர் உங்கள் சர்வரின் இன்பாக்ஸில் கொண்டுவந்து போடும். உங்கள் சர்வரில் யாருமே அவரை ஃபாலோ செய்யவில்லையென்றால் போடாது, பழைய பதிவுகளையும் அள்ளிக்கொண்டு வராது. பக்கத்து ஆள் ஒருவர் ஏற்கெனவே ஃபாலோ செய்திருந்தாலோ, பூஸ்ட், அதாவது யாராவது மறுபகிர்வு செய்தது, வழியாக வந்திருந்தாலோ உங்களுக்கும் கண்ணில் படும். அதனால்தான் பெரிய சர்வரில் இருப்பவருக்கு எல்லாம் நிறைந்து தெரிகிறது, பத்துப் பேர் சர்வரில் இருப்பவருக்கு ஈ ஓட்டுகிற கடை மாதிரித் தெரிகிறது. ஹேஷ்டேக் தேடலும் இதே கதைதான், உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்ததற்குள் மட்டும்தான் தேடும்.

லைக் எண்ணிக்கையை வைத்து யாரையும் எடை போடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான், உங்கள் திரையில் 4 என்று தெரிவது எழுதியவரின் சர்வரில் 400 ஆக இருக்கலாம். மறுமொழிகளில் இது இன்னும் வேடிக்கையாகிவிடும். ஒருவர் ஏதோ ஒரு வருடத்தைத் தப்பாக எழுதிவிடுகிறார் என்று வையுங்கள், நீங்கள் பார்க்கும்போது கீழே ஒரு மறுமொழியும் இல்லை, சரி நாமாவது சொல்லுவோம் என்று திருத்துகிறீர்கள். உங்களைப் போலவே வேறு வேறு சர்வர்களிலிருந்து முப்பது பேர் அதே நேரத்தில் அதே திருத்தத்தை அனுப்பியிருப்பார்கள், ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது, எழுதியவருக்கு மட்டும் மொத்தமும் வந்து கொட்டும், பாவம். புதிய மாஸ்டடான் வெர்ஷன்கள் விட்டுப்போன மறுமொழிகளைத் தேடி எடுத்துவர ஆரம்பித்திருக்கின்றன, ஆனால் எல்லாச் சர்வரும் புதிய வெர்ஷனில் ஓடுவதில்லை. திருத்தம் சொல்லக் கை பரபரத்தால் அந்தப் பதிவை அவருடைய சர்வரிலேயே திறந்து பார்த்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

இது வரை சொன்னவை வெறும் எரிச்சல். தனிச்செய்தி விஷயம் அப்படியில்லை. மாஸ்டடானில் தனிச்செய்தி என்று தனியாக ஒன்று கிடையாது, குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் தெரிகிற பதிவு, அவ்வளவுதான். அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் மட்டுமே புரியும்படி அது பூட்டப்படுவதில்லை, அதனால் உங்கள் சர்வர் அட்மினும் எதிர்ப்பக்கத்து அட்மினும் நினைத்தால் தரவுத்தளத்தைத் திறந்து படிக்கலாம். படிப்பார்கள் என்று சொல்லவில்லை, நல்ல அட்மின்களுக்கு அதற்கெல்லாம் நேரமும் இருக்காது. ஆனால் இன்னொரு பொறி இருக்கிறது, அதில் மாட்டியவர்கள் நிறைய. தோழியிடம் தனியாக இன்னொருவரைப் பற்றிப் புலம்புகிறீர்கள், பழக்கதோஷத்தில் அவர் பெயரை @ போட்டு முழு முகவரியோடு எழுதிவிடுகிறீர்கள். முடிந்தது கதை. யாரைக் குறிப்பிட்டாலும் அவருக்கும் அந்தச் செய்தி போய்விடும் என்பதுதான் இங்கே விதி, நீங்கள் புலம்பியது அவர் வீட்டு வாசலிலேயே போய் விழும். ஆளைப் பற்றிப் பேசவேண்டுமென்றால் @ இல்லாமல் பேசுங்கள், ரகசியம் என்றால் செய்திகளைப் பூட்டி அனுப்பும் சிக்னல் செயலிக்குப் போங்கள்.

ஃபாலோயர்களுக்கு மட்டும் என்று தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. கணக்கைப் பூட்டி, ஃபாலோ கோரிக்கைகளை நீங்களே பார்த்து ஏற்கும்படி வைத்திருந்தால்தான் அதற்கு அர்த்தம். திறந்த கணக்கில் யார் வேண்டுமானாலும் ஒரு தட்டுத் தட்டி ஃபாலோயர் ஆகிவிடலாம். அப்புறம், அழிப்பது. நீங்கள் அழித்தவுடன் உங்கள் சர்வர் மற்றச் சர்வர்களுக்கெல்லாம் அழித்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பும், ஒழுங்கான சர்வர்கள் கேட்கும். அந்த நேரத்தில் படுத்துக் கிடந்த சர்வரிலும், வேண்டுமென்றே கேட்காத சர்வரிலும் பிரதி அப்படியே கிடக்கும்.

இப்போது எல்லை. ஒரு சர்வர் இன்னொரு சர்வரோடு உறவை முறித்துக்கொள்வதை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், அந்த ஊரோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இதில் இரண்டு அளவு உண்டு. 'லிமிட்' என்றால் அந்தச் சர்வர்க்காரர்கள் பொதுவில் கண்ணில் படமாட்டார்கள், ஃபாலோ செய்பவர்களுக்கு மட்டும் தெரிவார்கள். 'சஸ்பெண்ட்' என்றால் முழுசாக வெட்டு, இரு பக்கத்து ஃபாலோ உறவுகளும் அறுந்துபோகும். முன்பெல்லாம் அறுந்ததே தெரியாமல் நண்பர் ஏன் பேசவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டும், 2024இல் வந்த 4.3 வெர்ஷனிலிருந்துதான் இத்தனை பேரை இழந்தீர்கள் என்று அறிவிப்பு வருகிறது.

இந்த வெட்டு கெட்டவர்கள் மீது மட்டும்தான் விழும் என்று நினைப்பதும் தப்பு. 2023 ஜூனில், ரெடிட்டிலிருந்து லெம்மிக்குக் (ரெடிட் மாதிரியான தளம், இதுவும் மாஸ்டடான் போலத் தனித்தனிச் சர்வர்களால் ஆனது) கூட்டம் வந்துகொண்டிருந்தபோது, பீஹா என்ற லெம்மி சர்வர் லெம்மி.வேர்ல்ட் உள்ளிட்ட இரண்டு பெரிய சர்வர்களை வெட்டியது. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று கதவைத் திறந்துவைத்த சர்வர்களிலிருந்து வருகிற கூட்டத்தைக் கவனித்துக்கொள்ளத் தங்களிடம் ஆள் இல்லை என்பதுதான் பீஹா தரப்பு சொன்ன காரணம். அந்தப் பக்கம் ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களும் சேர்ந்தே வெளியே போனார்கள். எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை, சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறவர்கள் வேறு என்ன செய்வார்கள். ஆனால் சேர்வதற்கு முன்பு அந்தச் சர்வரின் அறிமுகப் பக்கத்தில் யாரை வெட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்ப்பது நம் வேலை. எல்லாரும் அதைப் பொதுவில் காட்டுவதில்லை, இல்லாவிட்டால் அட்மினிடம் கேட்டுவிடுங்கள்.

ஒரே மென்பொருள் என்பதால் இணைந்திருக்கும் என்றும் கணக்குப் போடாதீர்கள். டிரம்ப்பின் சமூக வலைத்தளமான ட்ரூத் சோஷியலை மாஸ்டடானின் நிரலை எடுத்துத்தான் கட்டினார்கள், வெளியே யாரோடும் அது பேசுவதில்லை. தீவிர வலதுசாரிகள் புழங்கும் கேப் என்ற தளம் 2019இல் மாஸ்டடான் நிரலுக்கு மாறியது, ஏராளமான சர்வர்கள் உடனே அதை வெட்டின. மறுபக்கம், மெட்டாவின் த்ரெட்ஸ் முற்றிலும் வேறு மென்பொருள், ஆனாலும் ஆக்டிவிட்டிபப் பேசும். அதிலும் அந்தந்தப் பயனர் தானாக அமைப்பில் இயக்கினால்தான் அவருடைய பதிவு வெளியே வரும், போதாக்குறைக்கு நிறையச் சர்வர்கள் த்ரெட்ஸையே வெட்டி வைத்திருக்கின்றன. த்ரெட்ஸில் இருக்கும் ஒருவரைத் தேடிக் கிடைக்கவில்லையென்றால் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

ட்விட்டர் மாதிரியான இன்னொரு தளமான புளூஸ்கை பேசுவது வேறு மொழி, ஏடி புரோட்டோகால். மாஸ்டடானிலிருந்து நேராக அங்கே போக வழியில்லை, நடுவில் பிரிட்ஜி ஃபெட் என்ற பாலம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் அந்தப் பாலம், விருப்பமில்லாதவர்கள் மட்டும் விலகிக்கொள்ளலாம் என்ற விதியோடு வரப்போகிறது என்றதும் பெரிய சண்டை நடந்தது, கடைசியில் விரும்புகிறவர்கள் மட்டும் சேரலாம் என்று மாற்றினார்கள். ஆக இரண்டு பக்கமும் சம்மதித்திருக்க வேண்டும். இன்னொன்று, புளூஸ்கையில் நீங்கள் யாரை பிளாக் செய்தீர்கள் என்பது பொதுத் தகவல், யாரும் எடுத்துப் பார்க்கலாம். மாஸ்டடான் பழக்கத்தில் அங்கே போகிறவர்கள் இதைக் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

சர்வர் சரியில்லையென்றால் மாறிக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். மாறலாம், ஆனால் கூட வருவது ஃபாலோயர்கள் மட்டும். நீங்கள் ஃபாலோ செய்பவர்கள், பிளாக் பட்டியல், புக்மார்க் எல்லாவற்றையும் சிஎஸ்வி என்ற பட்டியல் கோப்பாக இறக்கிப் புதிய சர்வரில் ஏற்ற வேண்டும், எழுதிய பதிவுகள் பழைய இடத்திலேயே தங்கிவிடும். ஒருமுறை மாறினால் 30 நாள் கழித்துத்தான் மறுபடி மாற முடியும். எல்லாவற்றுக்கும் மேல், ஃபாலோயர்களை அனுப்பிவைக்கப் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இருக்கும் சர்வர்கள் மூடுவதற்கு 3 மாதம் முன்பே சொல்வதாக ஒப்புக்கொண்டவை, பட்டியலில் இல்லாதவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நான் முதலில் இருந்த சின்ன சர்வர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் காணாமல் போனது, ஃபாலோ பட்டியலை இறக்கி வைக்கவில்லை, யார் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று ஞாபகத்திலிருந்து தேடிப்பிடிக்க ஒரு மாதம் ஆனது. அட்மின் நல்லவராக இருந்தும் பயனில்லாத சம்பவமும் உண்டு. குவியர்.ஏஎஃப் என்ற சர்வரின் முகவரியில் கடைசி இரண்டு எழுத்து ஆப்கானிஸ்தானுடையது, 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அந்த முகவரியையே முடக்கியது. அதோடு அந்த முகவரியில் முடிகிற அத்தனை கணக்குகளும் போயின.